வயது போதாத மான்

என் பிள்ளைக்கு,

நீ படிப்புக்கென்று டனீடினுக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் இந்தக் கடிதத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் றிசீவரைத் தூக்குகிறேன். வாயைத் திறந்தால் "ஹீற்றரைப் போட்டிட்டுப் படு, சொக்ஸ் போட்டனியோ" என்றுதான் வருகிறது. நீயும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். ஆண்டு இரண்டாயிரம் பிறந்ததும் கம்பியூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று யாரோ சொன்னதை நம்பி, இப்போதே கராஜுக்குள் இருபது போத்தல் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறவள் உன் அம்மா. வராத ஆபத்துக்கெல்லாம் முன்கூட்டியே ஆயத்தம் செய்கிற எனக்கு, மூன்று வருடத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டிய நாலு வசனத்தைச் சொல்ல இன்றுவரை துணிவு வரவில்லை. எழுதினாலாவது வருமா என்று பார்க்கிறேன்.

நீ புறப்பட்ட அன்று காலை, உடுப்புப் பெட்டியைப் பூட்டிய பிறகு, மான் பார்க்கவென்று கோபால் அங்கிள் முன்பு தந்த தூரநோக்கியை உன் அலுமாரியின் அடித்தட்டில் இருந்து எடுத்து என் கையில் தந்தாய். "அம்மா, இதைக் கோபால் அங்கிளிட்டைக் குடுத்துவிடுங்கோ. நான் எப்பவோ குடுத்திருக்க வேணும். ஏலாமல் போச்சு" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. போகிற வழியில் அவர் வேலிக்கு மேலால் எட்டிக் கொடுத்துவிடக்கூடிய ஒரு பொருளை மூன்று வருடமாக உன்னால் கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் நான்.

இந்த நாட்டுக்கு, இந்தக் கிளென் ஈடனுக்கு நாங்கள் வந்தபோது உனக்கு ஒன்பது வயது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்தோம். அப்படி வந்த இடத்தில், பதினைந்து வயதில் நீ வந்து "கோபால் அங்கிள் வேட்டைக்குப் போறவர், நானும் போகட்டோ" என்று கேட்டாய். கோபால் அங்கிள் பீஜியிலிருந்து வந்தவர், கூரைத் தகடு போடுகிற வேலை. அவருடைய பாட்டன் காலத்துத் தமிழில் கொஞ்சம் அவர் வாயில் மிஞ்சியிருந்தது, மிச்சமெல்லாம் ஆங்கிலம். கோயிலில் காவடிக்கு முன்னால் நிற்கிற மனிசன், வீட்டில் துவக்கு வைத்திருக்கிறார் என்பதே எனக்கு ஒட்டவில்லை. அப்பாதான் சொன்னார், "விடும், ரீவிக்கு முன்னாலை கிடக்கிறதிலும் பார்க்க மலை ஏறட்டும்" என்று. முதல் வருடம் நீ துவக்கைத் தொடவே இல்லை, அவருக்குப் பின்னால் நடந்தாய், அவ்வளவுதான். அது அவருடைய ஒழுங்கு.

பதினாறு வயதில் நீ துவக்கு லைசென்ஸுக்கு எழுதிப் போட்டபோது, பொலிஸிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்து என்னைத் தனியே இருத்திக் கேள்வி கேட்டாள். கோபக்காரனா, குடிப்பானா, நம்பலாமா என்றெல்லாம் கேட்டாள். "இவன் பொய் சொல்லமாட்டான்" என்றேன். அது உண்மையாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தவளும் நானே.

உனக்கு நினைவிருக்கும், அந்த நாட்களில் நீ சாப்பாட்டு மேசையில் வேறொன்றும் கதைக்கமாட்டாய். ஹெலன்ஸ்வில்லைத் தாண்டி அந்தப் பண்ணைக்காரரின் பைன் காடு, அதில் திரிகிற ஃபாலோ மான்கள், ஆண் மானை இங்கே பக் என்பார்கள் என்பது, அதைச் சுடலாமா விடலாமா என்பதை எப்படித் தீர்மானிப்பது என்பது. பண்ணைக்காரர் கோபால் அங்கிளுக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று என்றாய்: முதிர்ந்த பக் மட்டும். இளசைச் சுட்டுக்கொண்டே போனால் காட்டில் நல்ல கலைமானே மிஞ்சாது. வயதைக் கொம்பில் பார்க்கக் கூடாது, நல்ல புல் கிடைத்தால் சின்னதுக்கும் கொம்பு விரியும், கொம்பு ஆளை ஏமாற்றும் என்றாய். கழுத்தைப் பார், வயிற்றைப் பார், முதுகைப் பார். இளசு என்றால் கழுத்து மெல்லிசாக நெஞ்சிலிருந்து தனியே தெரியும், வயிற்றுக் கோடு நேராக இருக்கும், கால்கள் உடம்புக்கு மிஞ்சி நீளமாகத் தெரியும். கிழடு என்றால் கழுத்தும் நெஞ்சும் ஒன்றாகி, வயிறு தொங்கி, முதுகு பள்ளம் விழுந்து, கால் கட்டையாகத் தெரியும். மூன்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் விட்டுவிட வேண்டும். "விட்டா அடுத்த வருஷம் பாக்கலாம் அம்மா. சுட்டாப் பிறகு ஒண்டும் செய்யேலாது" என்று நீ ஒரு கிழவனைப்போலச் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. அப்போது நான் கீரை ஆய்ந்துகொண்டு "ம், ம்" என்றேன். ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைத்திருக்கும்?

ஆனால் அதே நான், துவக்கு என்ற சொல்லுக்கே நடுங்குகிற நான், கோயிலில் வைத்துப் பெருமை பேசினேன். பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து சாந்தினி அன்ரி வந்திருந்தா. தன்ர மகன் பியானோவில் எத்தனையாவது கிரேட் என்று அவ சொல்ல, என் வாயும் சும்மா இருக்கவில்லை. "எங்கடை ஆள் வேட்டைக்காரன். வருசப்பிறப்பு முடிஞ்ச சனிக்கிழமை எல்லாரும் வாங்கோ, மான் இறைச்சிப் பிரட்டல் வைக்கிறன்" என்றேன். வருடப்பிறப்பு அன்று மரக்கறி, அடுத்த சனிக்கிழமை இறைச்சிச் சாப்பாடு, இது நாங்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து வழமையாகச் செய்வதுதான். எப்போதும் ஆடுதான். அந்த முறை மான் என்று நான் சொன்னேன். மான் காட்டில் நின்றது. உன்னிடம் நான் ஒரு சொல் கேட்கவில்லை.

வருடப்பிறப்புக்கு இரண்டு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை நீ காட்டிலிருந்து வந்தாய். சாந்தினி அன்ரி ஏதோ பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்து, அப்பாவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. நீ சேற்றுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கண்டேன். கண்டுதான் அணைத்தேன்.

"என்னடா தம்பி, மான் எங்கை?" என்று அன்ரி கேட்டா.

"ஒண்டு வந்தது அன்ரி, பக். நாப்பது மீற்றரிலை வந்து நிண்டது. இடது காது கிழிஞ்சு ரெண்டாத் தொங்குது. அங்கிளுக்கு நான்தான் காட்டினனான். நல்ல கொம்பு. ஆனா கழுத்து மெல்லிசு, வயிறு நேர். ஹி வாஸ் டூ யங். விட்டிட்டன். அங்கிள் என்ரை தோளிலை தட்டினவர்."

நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் நினைவிருக்கும், எனக்கும் நினைவிருக்கும். "ஏன், அதிட்டை பேர்த் சேர்ட்டிபிக்கற் கேட்டனியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா விட்டாரா? "இருபது வயசாகேல்லை எண்டு பப் வாசலிலை மறிக்கிற மாதிரி மறிச்சு அனுப்பிப்போட்டார்" என்றார். நீயும் கொஞ்சம் சிரித்தாய். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு எனக்கு ஏறிவிட்டது. சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டது. "சுடப் பயமெண்டு சொல்லன்ரா. அதுக்கேன் மானிலை பழியைப் போடுறாய்?" என்றேன். நீ துவாலையை எடுத்தாய். குளிக்கப் போனாய். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுடுதண்ணீர் முடியப்போகிறது என்று நான் கதவைத் தட்டிச் சத்தம் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வருடப்பிறப்புக்கு முதல் நாள், கோபால் அங்கிளின் வான் வாசலில் நின்றது. நீ ஒரு பின்னங்காலும் முன்தொடையும் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினாய். அவர் இறங்கவில்லை, வழக்கமாகத் தரும் "தங்கச்சி, நல்லாருக்கியா" கூடத் தரவில்லை. நீ இறைச்சியைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு "இந்தாங்கோ" என்று மட்டும் சொன்னாய். "கெட்டிக்காரன்" என்று நான் உன் தலையைத் தடவப் போக, நீ விலகினாய். "மேலெல்லாம் மணக்குது அம்மா" என்றாய்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனி எழுதுவதில் நீ அறியாததும் இருக்கிறது.

குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த அந்த இறைச்சியை விருந்தன்று காலை நான் வெட்டினேன். இருபது வருடமாக ஆடு வெட்டிச் சமைக்கிற கைக்கு முற்றல் எது இளசு எது என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கத்தி வெண்ணெய்க்குள் இறங்குவதுபோல இறங்கியது. மான் இறைச்சி வேக நேரம் எடுக்கும், முதல் நாளே தயிர் போட்டு ஊறவிடு என்று நீதான் முன்பு சொல்லியிருந்தாய். நான் ஊறவிடவில்லை, கறுவாவும் வறுத்த தூளும் போட்டு அடுப்பில் ஏற்றி முக்கால் மணித்தியாலத்தில் எலும்பை விட்டுக் கழன்றது. அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். உன்னுடைய கழுத்து, வயிறு, முதுகுக் கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை, சட்டியே சொல்லிவிட்டது. மூன்றிலும் தேறாத ஒன்றை நீ ஏன் சுட்டாய் என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. சாந்தினி அன்ரி "பஞ்சு மாதிரி வெந்திருக்கு, என்ன போட்டனீர்?" என்று கேட்டபோது, "பப்பாக் காய்" என்று பொய் சொன்னேன். நீ பசிக்கவில்லை என்று சோறும் பருப்பும் மட்டும் தின்றாய். நான் உன்னைப் பார்க்காமலிருக்க எல்லோருக்கும் இரண்டாம் முறை பரிமாறினேன்.

மறுநாள் கோபால் அங்கிள் வந்தார். கையில் கடதாசிப் பை. அதற்குள் அவித்துச் சுத்தம் செய்த அந்த மானின் கீழ்த் தாடை. சுட்ட ஒவ்வொன்றின் தாடையையும் எடுத்துப் பல் தேய்ந்ததைப் பார்த்து வயதெழுதி வைப்பது அவருடைய வழக்கம் என்று நீ சொல்லியிருக்கிறாய். சோபாவின் நுனியில் இருந்துகொண்டு உன்னிடம் கேட்டார். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

"நீ என்ன பாத்தே, சொல்லு தம்பி. நான் கோவம் இல்லே. பல்லு கத்தி மாதிரி இருக்கு. ரெண்டு வயசு தாண்டி கொஞ்சம்தான்."

"முதிர்ந்தது எண்டு நினைச்சன் அங்கிள். பிழையாப் பாத்திட்டன்."

"காது பாத்தியா?"

"இல்லை."

"இடது காது. ரெண்டு வாரத்துக்கு முந்தி எனக்கு அதைக் காட்டினதே நீதானே?"

நீ தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் பொறுத்திருந்தார். எவ்வளவு நேரம் பொறுத்திருந்தார் தெரியுமா? அத்தனை நேரமும் எனக்குத் தரப்பட்ட நேரம். "நான்தான் இவனைப் பழிச்சனான், நாலு பேருக்கு முன்னாலை கோழை எண்டனான், விருந்துக்கு இறைச்சி சொல்லிப்போட்டு இவனிலை பாரத்தை ஏத்தினனான்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் துவாலையால் கையைத் துடைத்தேன். கை காய்ந்துதான் இருந்தது.

"தப்பாப் பாத்தா மறுபடி கத்துக்கலாம்" என்றார் அவர். பிறகு தமிழ் போதாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தெரிந்துகொண்டு சுட்டுவிட்டுத் தெரியாது என்று சொல்கிற ஒருவன் கையில் துவக்கோடு பின்னால் வர, தன்னால் காட்டில் முன்னால் நடக்க முடியாது என்றார். பண்ணைக்காரரிடம் தான் போய் உள்ளதைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். எழும்பிப் போகும்போது என்னை ஒரு தரம் பார்த்தார். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டேன்! அதைத்தான் கேட்டேன்.

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் போன பிறகுகூட "உங்களாலைதான்" என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து அழுது தீர்த்திருப்பேன். அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று என்னையே பல தரம் கேட்டிருக்கிறேன். வெட்கத்தால் என்று நீண்ட காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அல்ல. அவர் உன்னை இனிக் கூட்டிப் போகமாட்டேன் என்று சொன்ன அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள் வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி. இனிச் சனிக்கிழமைகளில் யன்னலோடு நின்று வானைப் பார்த்திருக்கத் தேவையில்லை. இனித் துவக்கு இல்லை. கேட்காமலே கிடைத்த வரம்போல அதை எடுத்துக்கொண்டேன். உன்னுடைய பெயர் கெட்டதால் எனக்குக் கிடைத்த நிம்மதி அது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பட்டம் படித்த, பிள்ளைக்கு எது நல்லது என்று புத்தகம் வாங்கி வாசித்த ஒரு தாய், பிள்ளையை ஒருவர் பொய்யன் என்று சொல்லிவிட்டுப் போன அன்று நன்றாக நித்திரை கொண்டாள்.

அதன் பிறகு நீ மலைக்கும் போகவில்லை, அவர் வீட்டுப் பக்கமும் போகவில்லை. பேருந்துக்கு மறுபக்கத்தால் சுற்றிப் போனாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை படிப்பில் கவனமாகிவிட்டான் என்று சாந்தினி அன்ரிக்குச் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமைதான் தூரநோக்கியைக் கொண்டுபோனேன். கோபால் அங்கிளுக்கு முழங்கால் போய்விட்டது, கூரை ஏறுவதை விட்டுவிட்டு மகனுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறார். மான் காட்டுக்கு மட்டும் இன்னும் மெதுவாகப் போகிறாராம். கராஜில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கோயிலில் வாய் விட்டது, பழித்தது, சட்டியில் தெரிந்தது, வாசலில் வாய் மூடி நின்றது, நிம்மதி வந்தது, எல்லாம். அவர் என்னைத் திட்டுவார், அதோடு என் பாரம் போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன்.

"பையன்கிட்ட இத சொன்னியா?" என்றார்.

"இல்லை."

"முதல்லே எங்கிட்டயா வந்தே? மூணு வருஷம் தூக்கினது அவன், தங்கச்சி. நான் இல்லே."

சரியென்று செய்யப்போனதிலும் ஆளை மாற்றிவிட்டேன். போகத் திரும்பியவள், வாய் சும்மா இருக்காமல், "அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்று கேட்டேன்.

"அவன் கேட்டா யோசிப்பேன். நீ கேட்டா இல்லே." தூரநோக்கியை வாங்கிக்கொண்டு, "அவன் பொய் சொன்னது அவனுது. அதையும் நீ எடுத்துக்காதே. உன்னுதை மட்டும் எடுத்துக்கோ" என்றார்.

அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது. விசையை இழுத்தது நீ, காதைப் பார்க்கவில்லை என்றது நீ. அதற்கு நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என் பங்கை மட்டும் இதில் எழுதியிருக்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி வெட்டிவிட்டேன், அதை எழுதினால் நீ உடனே "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நீ வளர்ந்தாய். இருபது வயதில் உன்னைப் பெற்றவள் நான், வளர்க்க வேண்டியவளின் முகம் வாடாமல் பார்ப்பது உன் வேலையாகிவிட்டது. அந்த வேலை இனி வேண்டாம். நாளை ஒரு மேலதிகாரி, ஒரு மனைவி, ஒரு நண்பன், யாராயினும் நாலு பேர் முன்னால் உன்னைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்காக உனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதே. எனக்காகவும் சொல்லாதே.

ஈஸ்டர் விடுமுறைக்கு வருகிறாய். அந்தச் சனிக்கிழமையும் கோபால் அங்கிள் காட்டுக்குப் போகிறார், இதை நான் அவரிடம் கேட்டு அறியவில்லை, அவர் மகன் வான் துடைக்கும்போது சொன்னான். நீ அவர் வீட்டுக்குப் போவாயோ, போகாமல் விடுவாயோ, போய்க் கேட்டால் அவர் என்ன சொல்வாரோ, ஒன்றிலும் நான் தலையிடமாட்டேன். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு இன்னும் பயம்தான். நீ போனால் திரும்பி வரும்வரை யன்னலோடுதான் நிற்பேன், அது மாறாது. அந்தப் பயம் என்னுடையது. அதைச் சுமக்கிற வயது எனக்கு வந்துவிட்டது. போக மனம் வந்தால், அதைப் பாராமல் நீ போய்க் கதவைத் தட்டு.

அம்மா